கடைசிப் படியின் உயரம்

வீடு கட்டுகிறவர்கள் மாடிப்படியைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். அரை கிரவுண்டு மனை, அதாவது 1200 சதுர அடி. அதில் இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், சமையலறை, பூசையறை, முன்னால் வண்டி நிறுத்த இடம் என்று ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதை வாங்கிக்கொண்ட பிறகு மீந்த மூலையில் படி வந்து சேரும். கூடத்தில் ஓரடி குறைக்கலாமா என்று கேட்டால் குடும்பமே கூடிப் பேசும். படியில் ஓரடி குறைந்தால் கேட்க ஆளில்லை. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள உயரத்தை மேஸ்திரிகள் ரைசர் என்பார்கள், கால் வைக்கும் பரப்பை டிரெட் என்பார்கள். நீளம் குறைந்தால் டிரெட் குறுகும். அது குறுகக் கூடாதென்றால் படிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், எண்ணிக்கை குறைந்தால் ரைசர் உயரும். பத்தடி ஏற 15 சென்டிமீட்டர் ரைசர் வைத்தால் 20 ஏற்றம் வேண்டும், 19 சென்டிமீட்டர் வைத்தால் 16 போதும். மிச்சமாகும் நாலு படி இடத்தில் ஓர் அலமாரி வந்துவிடுகிறது. அந்த அலமாரிக்காக வீட்டிலிருக்கும் எல்லா முழங்கால்களும் ஆயுள் முழுக்க ஒவ்வோர் அடிக்கும் நாலு சென்டிமீட்டர் கூடுதலாக ஏறும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். தற்செயல் காயங்களால் நேரும் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் நம்முடையதைப் போன்ற நடுத்தர, ஏழை நாடுகளில் இருக்கிறார்கள். சாலைக்குத் தலைக்கவசம் உண்டு, வேகத்தடை உண்டு, அபராதம் உண்டு. வீட்டுக்குள் விழுந்தவர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் ‘வயசாயிடுச்சு, தடுமாறிட்டாங்க’ என்று சொல்லி விழுந்தவர் மீதே பழியை வைத்து முடித்துக்கொள்கிறோம். அவர் தடுமாறிய படியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதை ஒருமுறை டேப் வைத்து அளந்து பார்க்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

படியில் உயரத்தைக் காட்டிலும் முக்கியமானது, அந்த உயரம் மாறாமலிருப்பது. ஏறத் தொடங்கும்போது முதல் இரண்டு படிகளைக் கண் பார்க்கிறது. அதற்குள் காலுக்குக் கணக்குப் பிடிபட்டுவிடும். பிறகு கண் வேறெங்காவது போய்விடும், கால் தானாக ஏறும். எவ்வளவு தூக்க வேண்டுமோ அவ்வளவுதான் தூக்கும், படியின் விளிம்புக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே மிகக் கொஞ்சம் இடைவெளி விட்டு. உடம்பு சிக்கனமானது. எட்டாவது படி மட்டும் ஒரு விரல் கனம் உயர்ந்திருந்தால் அந்தச் சிக்கனம் காலை வாரிவிடும். இறங்கும்போது இன்னும் மோசம். தரை வந்துவிட்டது என்று நம்பி வைத்த கால் காற்றில் இறங்கும், அல்லது இன்னொரு படி இருக்கிறது என்று நினைத்து இறக்கிய கால் தரையில் முட்டி முதுகெலும்பு வரை அதிரும்.

நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியில் 36ஆவது தெரு சுரங்க ரயில் நிலையம் இருக்கிறது. அதன் வெளியேறும் படிகளில் ஒன்று மற்றவற்றைவிடச் சற்றே உயரம். 2012இல் டீன் பீட்டர்சன் என்ற படக்கலைஞர் அந்த ஒரு படியைக் கேமராவில் தொடர்ந்து பிடித்தார். இளைஞர்கள், அலுவலகப் பெண்கள், கையில் குழந்தையோடு வந்த ஒரு தந்தை, ஒருவர் பின் ஒருவராக அதே இடத்தில் தடுக்குகிறார்கள். தடுக்கிய ஒவ்வொருவரும் தன் தவறு என்று எண்ணி நகர்ந்துபோகிறார். காணொளி பரவியதும் நிர்வாகம் அந்தப் படியை மூடிச் சரிசெய்தது. வித்தியாசம் ஓர் அங்குலம்கூட இல்லை. அமெரிக்க வீட்டுக் கட்டட விதியில், ஒரே படிவரிசையில் மிக உயர்ந்த ரைசருக்கும் மிகத் தாழ்ந்ததற்கும் இடையே எட்டில் மூன்று அங்குலத்துக்கு மேல் வேறுபாடு கூடாது, அதாவது ஒன்பதரை மில்லிமீட்டர். ஏன் இவ்வளவு கறார் என்று அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

நம் ஊரில் இந்த வேறுபாடு எப்படி வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது யாருடைய கவனக்குறைவும் இல்லாமலேயே வந்துவிடுகிறது. சென்ட்ரிங் அடிக்கிறவர் கான்கிரீட் மட்டத்திலிருந்து மட்டத்துக்கு அளந்து உயரத்தைச் சமமாகப் பிரிக்கிறார். அன்றைக்கு எல்லாப் படியும் ஒரே அளவு. மாதங்கள் கழித்துத் தரை போடுகிறவர் வருகிறார். கூடத்தில் கலவை விரித்து டைல்ஸ் ஒட்டினால் தரை ஆறேழு சென்டிமீட்டர் உயர்கிறது. படிகளின் மேல் கிரானைட்டும் மெல்லிய கலவையுமாக மூன்றரை சென்டிமீட்டர்தான் ஏறுகிறது. கீழ்த்தரை உயர்ந்ததால் முதல் படி மூன்று சென்டிமீட்டர் குட்டையாகிவிடுகிறது, மேல்தளம் உயர்ந்ததால் கடைசிப் படி மூன்று சென்டிமீட்டர் நெட்டையாகிவிடுகிறது. மொட்டை மாடிக்குப் போகும் படியில் கேட்கவே வேண்டாம். சுருக்கி, தட்டோடு, அதற்கு மேல் மழைநீர் உள்ளே வராமலிருக்க உயர்த்திய நிலை என்று கடைசி ஏற்றம் முழங்காலைத் தொடும். நடுவிலுள்ள படிகள் ஒழுங்காகவே இருக்கும். பெரும்பாலும் விழுவது படிவரிசையின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள இரண்டு மூன்று படிகளில்தான் என்று இத்துறையில் ஆராய்ந்தவர்கள் சொல்வதை இதோடு சேர்த்து யோசித்தால் பயமாக இருக்கிறது.

இதற்கு மருந்து எளிது. கான்கிரீட் போடும் முன்பே டியூப் லெவல் வைத்து, தரை முடிந்த பிறகு எந்த மட்டம் வரும் என்று சுவரில் கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து படியைப் பிரிக்க வேண்டும். நல்ல மேஸ்திரிகளுக்கு இது தெரியும். ஆனால் எந்தக் கல், எவ்வளவு கனம் என்று வீட்டுக்காரர் அன்றைக்கே முடிவு செய்திருந்தால்தான் அவரால் கோடு போட முடியும். நாம் கல் கடைக்குப் போவது வீடு பூசி முடித்த பிறகு.

எண்ணிக்கை ஒற்றைப்படையில் வர வேண்டும், வலதுகாலில் தொடங்கி வலதுகாலில் முடிய வேண்டும், லாபம் நஷ்டம் என்று எண்ணிக்கொண்டு போனால் லாபத்தில் நிற்க வேண்டும் என்பது நம்மிடையே பலமான நம்பிக்கை. அதோடு எனக்குச் சண்டையில்லை. 17 என்றோ 19 என்றோ முதலிலேயே தீர்மானித்துச் சமமாகப் பிரித்தால் ஒரு கெடுதலும் கிடையாது. கான்கிரீட் போட்ட பின்பு யாரோ பெரியவர் வந்து எண்ணிப் பார்த்து ‘நஷ்டத்துல நிக்குதே’ என்று சொல்ல, அடியில் அரைப்படி ஒன்றை ஒட்டுகிறார்களே, அதுதான் ஆபத்து. அந்த அரைப்படியில் ஒருநாள் அந்தப் பெரியவரே சறுக்குவார்.

அளவு எவ்வளவு இருக்க வேண்டும் என்ற கேள்வி பழையது. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சுவா புளோந்தெல் என்ற பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் ஒரு சூத்திரம் சொன்னார். சமதரையில் ஒருவர் எட்டி வைக்கும் தூரம் இரண்டு பிரெஞ்சு அடி, இன்றைய கணக்கில் 65 சென்டிமீட்டர். மேல்நோக்கி எடுத்து வைப்பது இருமடங்கு சிரமம். ஆகவே ரைசரை இரண்டால் பெருக்கி டிரெட்டைக் கூட்டினால் அந்த 65 வர வேண்டும். முந்நூற்றைம்பது ஆண்டு ஆகியும் கட்டடப் பொறியாளர்கள் சின்னச் சின்ன மாறுதலோடு இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நம் தேசியக் கட்டட நெறித் தொகுப்பு வீடுகளுக்கு ரைசர் 19 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, டிரெட் 25க்குக் கீழே குறையக் கூடாது என்கிறது. இருமடங்கு 19ஓடு 25ஐக் கூட்டினால் 63. சூத்திரம் பொருந்துகிறது. ஆனால் அது எல்லை. அதற்கு மேல் போகாதே என்று போட்ட கோட்டையே நாம் இலக்காக எடுத்துக்கொண்டு கட்டுகிறோம். அதே நெறித் தொகுப்பு பொதுக் கட்டடங்களுக்கு 15க்கு 30 என்கிறது. கூட்டினால் 60. ஒரு மணி நேரம் வந்துபோகும் வங்கிக்கு அந்தப் படி, எழுபது வயதுவரை ஏறி இறங்க வேண்டிய வீட்டுக்கு இந்தப் படி என்பது எனக்குச் சமாதானமாகவே இல்லை. புளோந்தெலின் 65 சென்டிமீட்டர் ஒரு பிரெஞ்சு ஆணின் நடை. புடவை கட்டிய, முழங்கால் தேய்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் நடை அதைவிடக் குறுகியது. இடம் இருந்தால், ஏன், இல்லாவிட்டாலும் எதையாவது விட்டுக்கொடுத்து, வீட்டுக்கும் 15, 16 சென்டிமீட்டர் ரைசரை வைத்துக் கட்ட வேண்டும் என்பேன்.

என் பெரியம்மா சென்னையின் தெற்குப் புறநகரில் மகன் வீட்டு மாடியில் இருக்கிறார். கீழ்வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். மாடிக்குப் போகும் படி வீட்டுக்கு வெளியே, சுற்றுச்சுவரை ஒட்டி, செங்குத்தாக ஏறி நடுவில் முக்கோணப் படிகளாகத் திரும்பும். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் இடுப்பளவு கைப்பிடிச் சுவர். பெரியம்மா ஒருநாளும் அந்தப் படியில் விழுந்ததில்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். பிறகு தெருமுனைக் காய்கறி வண்டிக்குப் பையைக் கயிற்றில் கட்டி இறக்கத் தொடங்கினார். பிறகு எதிர்வீட்டு அம்மாளோடு மாடியிலிருந்தே உரக்கப் பேசினார். ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிடப் போனபோது ‘இறங்குனா ஏறணுமேப்பா’ என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, வாசலைத்தான் பார்த்தார்.

இப்படி நடப்பவை எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. எலும்பு முறிந்தால் மருத்துவமனையில் ஒரு பதிவாவது இருக்கும். படிக்குப் பயந்து உலகத்தை மெல்ல மெல்ல விட்டுவிடுகிறவர்களுக்கு எங்கே பதிவு? ஒரு படிக்கட்டு பாதுகாப்பானதா என்று பார்க்க ‘யாராவது விழுந்திருக்கிறார்களா’ என்று கேட்பது போதாது. யார் அதில் இறங்குவதை நிறுத்திவிட்டார்கள் என்று கேட்க வேண்டும். பெரியம்மாவின் படியில் நான் தேடிப் பார்த்தவரை ரைசர்கள் ஏறக்குறையச் சமமாகவே இருந்தன. அங்கே இல்லாதது கைக்கு ஒரு பிடி.

படியோரம் நிற்கும் தடுப்புக்கு இரண்டு வேலைகள் உண்டு. பக்கவாட்டில் கீழே விழாமல் காப்பது ஒன்று, கால் தவறிய கணத்தில் கைக்கு அகப்படுவது இன்னொன்று. முதல் வேலையை நம் கைப்பிடிச் சுவர்கள் செய்கின்றன. நாலரை அங்குலச் செங்கல், இருபுறமும் பூச்சு, மேலே கிரானைட் பலகை. ஏறும்போது அதன்மேல் உள்ளங்கையை ஊன்றலாம், விழும்போது பிடிக்க முடியாது. பிடிப்பதென்றால் நாலு விரலும் ஒரு பக்கமும் கட்டைவிரல் மறுபக்கமும் வந்து பொருந்த வேண்டும். விழும் உடம்பு அரை நொடிகூடக் காத்திருக்காது. அந்தப் பொழுதுக்குள் கை தேடி, கண்டு, சுற்றி, இறுக்க வேண்டும். அதனால்தான் அமெரிக்க விதி வட்டக் கைப்பிடியின் குறுக்களவு ஒன்றேகால் அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்றும், சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே விரல்கள் நுழைய ஒன்றரை அங்குலம் இடைவெளி வேண்டும் என்றும் சொல்கிறது. பிரிட்டன் விதியில் உயரம் 90 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர்வரை. இதையெல்லாம் படித்துவிட்டு நம் புதிய வீடுகளைப் பார்த்தால் மூன்று அங்குல எஸ்.எஸ். பைப் பளபளவென்று ஓடுகிறது. கனமாக இருந்தால் உறுதியாக இருக்கும் என்று ஒரு நினைப்பு. சிறிய கைகளுக்கு அது சுற்ற முடியாத தூண். தேக்கில் இழைத்த அகலமான கைப்பிடிகளும் அப்படித்தான். அடியில் விரல் பதிய ஒரு பள்ளம் இழைத்துக் கொடுக்கச் சொல்லி ஆசாரியிடம் கேட்டால் செய்து தருவார். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கைப்பிடி அறுபடாமல் ஓட வேண்டும் என்பதை நாம் ஏனோ கவனிப்பதே இல்லை. லேண்டிங் வந்ததும் ஓர் அலங்காரத் தூண், அதன் தலையில் ஓர் உருண்டை. கை அங்கே விட்டுப் பிடிக்க வேண்டும். விட்டுப் பிடிக்கும் இடம்தான் படி திரும்பும் இடம், ஒருபக்கம் குறுகி மறுபக்கம் விரிந்த முக்கோணப் படிகள் இருக்கும் இடம், கால் மிகவும் தடுமாறும் இடம். கீழேயும் கைப்பிடி கடைசிப் படிக்கு முன்படியோடு நின்றுவிடும். பார்வை மங்கியவர்கள் கைப்பிடி முடிந்த இடத்தைத் தரை என்று நம்புகிறார்கள். மேலும் கீழும் படிக்கு அப்பால் ஓரடி நீண்டிருந்தால் சமதரையில் இரண்டு காலும் ஊன்றிய பின்புதான் கை விடுபடும். ஓரடிக் குழாய்க்கு எவ்வளவு ஆகிவிடும்?

பணம் என்று சொன்னதால் கிரகப்பிரவேசத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கைப்பிடி வேலை வீட்டில் கடைசியாக வருவது. அது வரும்போது கடன் வாங்கிய பணம் தீர்ந்திருக்கும், நகை அடகில் இருக்கும், நாள் குறித்தாகியிருக்கும். ‘பால் காய்ச்சிட்டுப் பிறகு பொறுமையா மாட்டிக்கலாம்’ என்பார்கள். பசுவும் கன்றும் வரும், ஓமம் நடக்கும், பால் பொங்கும், பந்தியோ மொட்டை மாடியில் சாமியானாவுக்குக் கீழே. அந்த வீட்டின் ஆயுளிலேயே அதிகமான பேர் ஏறி இறங்கும் நாள் அதுதான். பட்டுப்புடவை, வெறுங்கால், கை கழுவிய ஈரம், இடுப்பில் பிள்ளை, சாம்பார் வாளி தூக்கிய பரிமாறுகிறவர்கள், மணையில் உட்கார வந்த தாத்தா. படியோ இரண்டு பக்கமும் திறந்து கிடக்கும். வாழைமரம் கட்ட ஆள் வைக்கிறோம், தோரணத்துக்குச் செலவு செய்கிறோம். இடுப்புயரத்தில் நாலு சவுக்குக் கழியை இறுக்கிக் கட்டினால் அன்றைய பொழுதுக்குப் போதும். அதைச் செய்யாமல் நடக்கும் கிரகப்பிரவேசங்களில் நான் சாப்பிட்டுவிட்டு இறங்கும்வரை எனக்கு நிம்மதி இருப்பதில்லை.

பிறகு ஒருவழியாகக் கைப்பிடி வந்து சேரும்போது கடைக்காரர் சொல்வதே முடிவாகிவிடும். எஸ்.எஸ். என்று ஒரே பேரில் விற்றாலும் 202 என்பது ஒன்று, 304 என்பது வேறு. 202 விலை குறைவு, கடற்காற்றுப் படும் ஊர்களில் சீக்கிரமே பழுப்புப் புள்ளி விழும். காந்தம் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது, பில்லில் எழுதி வாங்குவதுதான் வழி. சாதா இரும்புக் கம்பியென்றால் பார்க்க வேண்டிய இடம் மேலே இல்லை, அடியில். கம்பி கான்கிரீட்டுக்குள் இறங்கும் இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கும். மேலே தீபாவளிக்குத் தீபாவளி பெயின்ட் அடித்து அழகாக இருக்கும், கழுத்தளவில் துரு தின்று பாதியாகியிருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். கைப்பிடியின் எந்த இடத்தில் எந்தத் திசையில் தள்ளினாலும் ஏறத்தாழ 90 கிலோ பாரத்தைத் தாங்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. அதாவது ஒரு முழு ஆள் சாய்ந்தால் அசையக் கூடாது. பலமாக ஆட்டிப் பாருங்கள். ‘லேசா ஆடும், ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லப்படும் கைப்பிடி இல்லாத கைப்பிடியைவிட மோசமானது, ஏனென்றால் அதை நம்பி ஒருவர் முழுப் பாரத்தையும் சாய்ப்பார்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னொன்று. பல நாட்டு விதிகளில் தடுப்புக் கம்பிகளுக்கு நடுவே பத்து சென்டிமீட்டர் உருண்டை நுழையக் கூடாது என்று இருக்கும். குழந்தையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் இடைவெளி அதற்குச் சற்று மேலே தொடங்குகிறது. நம் ஊரில் இப்போது எங்கும் பரவியிருக்கும் வடிவமைப்போ நாலைந்து பைப்புகளைக் கிடைமட்டமாக ஓட்டுவது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது ஏணி. பழைய வீடுகளின் செங்குத்துக் கம்பிக் கிராதியில் ஏற முடியாது. எந்தப் பட்டறையிலும் அதை இன்றும் அடித்துத் தருவார்கள்.

1556 சனவரியில் தில்லி பழைய கோட்டையில், தன் நூலகமாக இருந்த ஷேர் மண்டலின் செங்குத்தான கற்படியில் இறங்கிக்கொண்டிருந்தார் முகலாயப் பேரரசர் உமாயூன். தொழுகை அழைப்புக் கேட்டது. மரியாதைக்காகப் படியிலேயே மண்டியிட முனைந்தபோது கால் அங்கியில் சிக்கி விழுந்தார். சில நாளில் இறந்தார். பேரரசின் அரியணை பதின்மூன்று வயது அக்பருக்குப் போனது. சரித்திரத்தில் இது ஒரு வேடிக்கைச் செய்தியாகவே சொல்லப்பட்டுவருகிறது. எனக்கு அதில் நம் வீட்டு மாடிப்படிதான் தெரிகிறது. நீண்ட உடை, திடீரென்று கவனத்தை இழுக்கும் ஓர் ஓசை, கைக்கு எட்டாத பிடி. புடவை, நைட்டி, தரையைத் தொடும் வேட்டி, எல்லாமே அந்த அங்கியின் உறவினர்கள். அழைப்புமணியும் குக்கர் விசிலும் குழந்தையின் அழுகையும் வந்தால் வேகமாக இறங்குகிறோம். அதிலும் மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போகும் பெண்ணின் கைகள் சும்மா இருப்பதில்லை. ஈரத்துணி வாளி ஒரு கையில், வடாம் பலகை இரு கைகளில், பார்வையை மறைத்துக்கொண்டு. வலதுபுறம் மட்டும் கைப்பிடி வைத்தால் வாளி வலக்கையில் இருக்கும். மாடிப்படியில் அதிகமாகச் சுமை தூக்குகிறவர் யார் என்று யோசித்துப் பார்த்தால், இருபுறமும் பிடி வேண்டும் என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

படி என்றவுடன் மாடிப்படி மட்டும் நினைவுக்கு வருவதால் வாசற்படி தப்பித்துவிடுகிறது. மூன்றே மூன்று படி, இதற்கா கைப்பிடி என்று தோன்றும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் பலர் வீட்டின் அடித்தளத்தை உயர்த்திக் கட்டினார்கள், பழைய வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கியவர்களும் உண்டு. மூன்று படி ஆறானது. கைப்பிடி மட்டும் வரவில்லை. இன்னொரு பக்கம், பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச்சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போகிறது. வாசலின் முதல் படி சாலைக்குள் அமிழ்ந்து, இரண்டு விரல் உயரம் மட்டும் வெளியே தெரியும். நடுவில் பைக் ஏற்ற ஒரு சாய்தளம், அதில் ஐப்பசி கார்த்திகையில் பாசி. வீட்டுக்கு வருகிறவர், போகிறவர், பால்காரர், கூரியர் பையன் எல்லோருக்கும் அந்தப் படி புதிது. வீட்டுக்காரருக்குப் பழகிவிட்டது என்பதால் அது சரியாகிவிடாது.

இதையெல்லாம் யார் வந்து பார்ப்பார்கள்? யாரும் வர மாட்டார்கள். தமிழ்நாட்டில் 2024 சூலையிலிருந்து 2500 சதுர அடிவரை மனையில் 3500 சதுர அடிவரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்றின் பேரில் இணையத்திலேயே உடனடி அனுமதி. அலைச்சலும் கையூட்டும் குறைந்தால் நல்லதுதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சான்றளிக்கிறவர் நாம் என்று ஆன பிறகு, பார்க்க வேண்டியவரும் நாம்தான். ஏற்கெனவே கட்டி நிற்கும் வீடுகளுக்கோ எந்தக் காலத்திலும் பார்வையாளர் இருந்ததில்லை.

திருத்தணியில் ஆண்டின் கடைசி நாளில் திருப்படித் திருவிழா நடக்கும். 365 படிகள். ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டி ஏறுவார்கள். பக்தி ஒருபுறம் இருக்கட்டும், அந்த நாளில் ஒவ்வொரு படியின் முன்னும் ஒரு மனிதர் குனிகிறார், கையால் தொடுகிறார். வீட்டுப் படியைப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து நடந்தபடி பார்த்தால் எதுவும் தெரியாது. குனிந்து ஒவ்வொரு ரைசரையும் அளந்து சாக்பீஸால் அந்தப் படியிலேயே எழுத வேண்டும். எழுதிவிட்டுக் கீழிருந்து பார்த்தால் எண்கள் தாமே பேசும்: 14, 17, 17, 17, 17, 20. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மாறும் இடம் எதுவோ அதுதான் வீட்டில் யாரோ ‘கால் பிசகிய’ இடம். முதல் படியைச் சரிசெய்யக் கல்லைப் பெயர்த்துக் கலவையின் கனத்தை மாற்ற வேண்டியிருக்கும். அது முடியாவிட்டால் அந்தப் படியின் விளிம்பில் மட்டுமாவது மஞ்சள் பட்டை அடித்துக் கண்ணை எழுப்ப வேண்டும்.

இரவிலும் ஒருமுறை பார்க்க வேண்டும். கறுப்பு கிரானைட்டில் இறங்கும்போது மேலிருந்து பார்த்தால் எது விளிம்பு, எது பரப்பு என்று பிரித்தறிய முடியாது. இருபார்வைக் கண்ணாடி அணிந்தவர்களுக்குக் கண்ணாடியின் கீழ்ப்பாதி படிப்பதற்கானது, அதன் வழியாகப் படியைப் பார்த்தால் விளிம்பு கலங்கும். விளிம்போரம் மூன்று கோடு குரூவ் வெட்டி, வெளிர்நிறப் பட்டை ஒட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக டூவே சுவிட்ச் இருக்கிறதா, மின்வெட்டில் அந்த விளக்கு இன்வர்ட்டரில் எரிகிறதா என்று பாருங்கள். கூடத்து மின்விசிறிக்கு இன்வர்ட்டர் இணைப்புக் கொடுத்துவிட்டுப் படிவிளக்கை விட்டுவிடும் வீடுகளே அதிகம். வெளிப்படியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அது வடிகிறதா தேங்குகிறதா, ஈரத்தில் வெறுங்கால் வழுக்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். இதை வீட்டின் திடமான ஆள் தனியாகச் செய்தால் பயனில்லை. மிகவும் வயதானவரைக் கூட வைத்துக்கொண்டு, எங்கே பயமாக இருக்கிறது என்று அவரைக் கேட்டுக்கொண்டே செய்ய வேண்டும். பெரியம்மா கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிட்டார்: திரும்புகிற இடத்தில் மூன்றாவது முக்கோணப் படி. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, யாரும் கேட்டதில்லை. அங்கே சுவர்ப்பக்கம் ஒன்றரை அங்குலக் குழாய் ஓட்டி இரண்டு மாதமாகிறது. வெள்ளிக்கிழமைகளில் கீழே வருகிறார். கல்யாணத்துக்கு இன்னும் வர மாட்டேன் என்கிறார், அது அவர் விருப்பம்.

வாடகைக்கு இருப்பவர்கள் பாடு வேறு. 11 மாத ஒப்பந்தம், ஆணி அடிக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை. மாடிப்போர்ஷன் வாடகை குறைவு என்பதால் வயதான பெற்றோரோடு வருகிறவர்களே அதிகமாக அதை எடுக்கிறார்கள். வீடு பார்க்கப் போகும்போது மெட்ரோ தண்ணீர் வருமா, கரண்ட் மீட்டர் தனியா, வண்டி நிறுத்தலாமா என்று கேட்கிறோம். அம்மாவையோ அப்பாவையோ கூட்டிப்போய் அந்தப் படியில் ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லிவிட்டு முன்பணம் பேசலாம். சுவரில் கைப்பிடி அடித்துத் தரும்படி, அல்லது நம் செலவில் அடித்துக்கொள்ள விடும்படி கேட்பதற்கும் அதுதான் நேரம். முன்பணம் கைமாறிய பிறகு கேட்டால் வீட்டுக்காரர் சுவரில் ஓட்டை விழும் என்பார்.